மடித்து வைத்த சட்டை

பிப்ரவரி 9

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். இங்கே நானும் வீட்டுக்காரரும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? போன வாரம் நீங்கள் போனில் பேசியதில் பாதி எனக்குக் காற்றாகத்தான் வந்தது. முப்பது வருடம் பல் குடையும் மெஷினைக் காதோரம் வைத்துக்கொண்டு வேலை செய்தால் வேறென்ன ஆகும்? ஊரார் பல்லைக் காப்பாற்றினேன், என் காதைக் கோட்டைவிட்டேன். அதனால் இனிமேல் எழுதுவதாக உத்தேசம். கையெழுத்து டாக்டர் கையெழுத்துதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கிளினிக்கில் வேலை பார்க்கும் பெண் அவள் போனில் உங்கள் பக்கத்தைக் காட்டினாள். என் பையனுக்கு உங்கள் பெண்ணைக் கொடுத்து நான்கு வருடமாகிறது. நீங்கள் கண்ணாடி வேலை செய்கிறவர் என்று தெரியும். கல்யாணத்துக்கு நீங்கள் செய்து தந்த நீலக் கிண்ணம் வழவழவென்று இன்னும் எங்கள் வரவேற்பறையில் இருக்கிறது. ஆனால் இப்போது நீங்கள் போடுகிற படங்கள் வேறு ஜாதியாக இருக்கின்றனவே! பச்சையாக, செங்கல் அளவுக்கு ஒரு கட்டி. மேலெல்லாம் சொரசொரப்பு, சாக்குப்பையைத் தண்ணீருக்கடியில் பார்ப்பதுபோல. போன் திரையைத் தடவிப் பார்த்தேன் என்றால் சிரிப்பீர்கள். வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்துவிட்டு, "சோடா பாட்டில் உருகிப்போன மாதிரி இருக்கு" என்றார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கீழே "பொறுமை இழந்த செங்கல்" என்று ஒரு தலைப்பு. வாய்விட்டுச் சிரித்தேன்.

ஒரு சந்தேகம். அந்தக் கட்டியின் ஓரத்தில் முத்து முத்தாகச் சில பொடிப்புகள் தெரிகின்றன. வேண்டுமென்றே வைத்ததா, அச்சில் காற்று நின்றதால் வந்ததா? எங்கள் தொழிலில் தாடைக்கு அச்செடுக்கும்போது அப்படி வந்தால் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுப்போம்.

பையன் வாரம் ஒருமுறை பேசுகிறான். வேலை அதிகமாம். மருமகள் பாப்பாவும் நலமாக இருப்பாள் என்று நினைக்கிறேன்.

உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 20

அன்புள்ள சம்பந்தி அம்மா,

உங்கள் கடிதம் வந்தது. கையால் எழுதிய உறை என்பதால் யாரோ செத்துப்போனார்களோ என்று பயந்துகொண்டே பிரித்தேன். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அதற்கு வயது அறுபது, எனக்கும் அறுபது, இரண்டும் சேர்ந்தே போகட்டும். சம்பந்தி ஐயாவுக்கு என் வணக்கம். சோடா பாட்டில் என்று அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்தப் பச்சைக் கட்டியில் பாதி சோடா பாட்டில்தான்.

கண்டுபிடித்துவிட்டீர்களே! அந்தப் பொடிப்புகள் காற்றுக் குமிழிகள். பார்த்தவர்கள் எல்லோரும் "என்ன நுணுக்கம்" என்று எழுதினார்கள். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

உங்களுக்குத் தெரியாததா, என் பாதி ஆயுள் குளியலறை ஜன்னல் கண்ணாடிக்குப் பனி பிடித்த மாதிரி பூச்சு கொடுப்பதிலும், வீட்டு வாசலுக்குப் பெயர்ப் பலகை செதுக்குவதிலும் போய்விட்டது. வெளிச்சம் வர வேண்டும், ஆள் தெரியக் கூடாது. அதுதான் வாடிக்கையாளர் கேட்பது. இப்போது டயர் கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து, மின்சூளை வைத்து, பிளாஸ்டர் அச்சில் கண்ணாடியை உருக்கி வார்க்கிறேன். மரப்பட்டை, சாக்கு, கசங்கிய துணி, எது கிடைத்தாலும் அதன் மேல்தோலைக் கண்ணாடிக்கு ஏற்றிப் பார்க்கிறேன். வழவழப்பு அலுத்துவிட்டது. ஏன் என்று கேட்டால் பதில் தெரியாது. சாயங்காலம் கொட்டகையைப் பூட்டும்போது தோளிரண்டும் என்னுடையவை மாதிரியே இருப்பதில்லை.

படம் எடுப்பதும் தலைப்பு வைப்பதும் எனக்கு வராது. தெரிந்த பெண் ஒருத்தி செய்து தருகிறாள். சும்மாதான் இருக்கிறாள், அவளுக்கும் பொழுது போகிறது.

பாப்பா நலம். பேசினோம். மாப்பிள்ளையை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்
கண்ணாடிக்காரச் சம்பந்தி


மார்ச் 8

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். வீட்டுக்காரருக்குச் சளி, அதை ஏதோ மகா வியாதிபோல் கொண்டாடிக்கொண்டிருக்கிறார்.

குமிழிக்கு வைத்தியம் சொல்கிறேன். பிளாஸ்டர் மாவில் தண்ணீரை ஊற்றாதீர்கள். தண்ணீரில் மாவைத் தூவுங்கள். தூவிவிட்டு, அது தானாக ஊறி அடங்கும்வரை கையை வைக்காதீர்கள். அவசரப்பட்டுக் கிண்டினால் காற்று உள்ளே போய்க் குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடும். ஊற்றும்போது ஒரே மூலையிலிருந்து மெதுவாக. கூடவே பார்சலில் ஒரு மெஷின் அனுப்பியிருக்கிறேன். தட்டு மாதிரி இருக்கும், போட்டால் நடுங்கும். அதன் மேல் அச்சை வைத்தால் உள்ளே இருக்கும் காற்றெல்லாம் மேலே வந்துவிடும். நான் காலையில் மட்டும்தான் இப்போது கிளினிக் திறக்கிறேன். மெஷின் அங்கே தூசி தின்றுகொண்டிருக்கிறது. திருப்பித் தருகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கசங்கிய துணியில் செய்ததைப் பார்த்தேன். "துவைக்காத ஞாயிறு." தலைப்பு வைக்கும் அந்தப் பெண்ணுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். எங்கள் சமையலறையில் உப்பு டப்பா மேல் இன்னும் ஒரு சீட்டு இருக்கிறது. "நான் சர்க்கரை இல்லை. நம்பாவிட்டால் ஏற்கெனவே ஏமாந்தவரைக் கேட்கவும்." கல்யாணமான புதிதில் பாப்பா இங்கே வந்து தங்கியபோது எழுதி ஒட்டியது. ஏமாந்தவர் என் வீட்டுக்காரர். ஓரம் கிழிந்துவிட்டது, எடுக்க மனம் வரவில்லை.

அந்தப் பெண் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா? சும்மா இருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். சும்மா இருப்பதுபோல் உடம்பைத் தின்னும் வேலை வேறில்லை.

பையனிடம் கேட்டேன். "அவ ஆபீஸ் வேலையா வெளியூர் போயிருக்காம்மா" என்றான். இந்தக் காலத்து ஆபீஸ்கள் அப்படித்தான் போலிருக்கிறது.

உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 2

அன்புள்ள சம்பந்தி அம்மா,

சம்பந்தி ஐயாவின் சளி போயிருக்கும் என்று நம்புகிறேன். மெஷின் பத்திரமாக வந்து சேர்ந்தது. போட்டதும் கொட்டகையில் இருந்த சுத்தியல், உளி, காபித் தம்ளர் எல்லாம் மேசை மேல் நடக்க ஆரம்பித்துவிட்டன. ஆனால் அச்சு என்ன அச்சு! ஒரு குமிழி இல்லை. சாக்கின் ஒவ்வொரு இழையும் கண்ணாடியில் தனித்தனியாக நிற்கிறது.

அந்தப் படத்தை யாரோ பெரிய மனிதர் தன் பக்கத்தில் பகிர்ந்துவிட்டாராம். அன்றிலிருந்து என் போன் ஓயவில்லை. "அருமை" என்கிறார்கள். "விலை என்ன" என்கிறார்கள். "இதில் தூசி படிந்தால் எப்படித் துடைப்பது" என்று ஓர் அம்மா கேட்டார், அவர் ஒருவர்தான் நியாயமாகக் கேட்டார். நாலு நாளுக்கு ஒன்று புதிதாகப் போட வேண்டுமாம், இல்லாவிட்டால் மறந்துவிடுவார்களாம். கண்ணாடி ஆறுவதற்கே நாலு நாள் ஆகும், சம்பந்தி அம்மா. அவசரப்படுத்தினால் வெடித்துவிடும். போன வாரம் ஆறிக்கொண்டிருந்தபோது கரண்டு போய், பெரிய பலகை ஒன்று நட்ட நடுவில் விரிசல் விட்டது. கொட்டகை வாசலில் உட்கார்ந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகைகூட வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே.

அந்தப் பெண்ணிடம் உங்கள் பாராட்டைச் சொன்னேன். எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள். சாப்பிடுகிறாள். தூக்கம்தான் குறைவு.

பாப்பாவுக்கு வேலைதான். வேறு விசேஷமில்லை.

அன்புடன்
உங்கள் சம்பந்தி


மே 28

அன்புள்ள சம்பந்தி அம்மா,

நலமா? என் கடிதத்துக்குப் பதில் இல்லை. தபாலில் தொலைந்ததோ, உங்களுக்கு உடம்பு சரியில்லையோ என்று மனம் அடித்துக்கொள்கிறது. போன் செய்தேன், சம்பந்தி ஐயா எடுத்தார். "அவ நல்லா இருக்கா, வெளிய போயிருக்கா" என்றார். பின்னால் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தமும், நீங்கள் இருமும் சத்தமும் கேட்டன. இருமலுக்கு மருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

வேறொன்றும் எழுதத் தெரியவில்லை. ஒரு வரி போடுங்கள்.

உங்கள் சம்பந்தி


ஜூன் 11

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. இங்கே எல்லோரும் நலம். வீட்டுக்கு ஒரு தபால் வந்தது, அதனால் கொஞ்சம் அலைச்சல். காது டாக்டரிடம் போக வேண்டியிருக்கிறது. பிறகு விரிவாக எழுதுகிறேன்.

இப்படிக்கு
சம்பந்தி


ஜூலை 3

சம்பந்தி அம்மாவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. மன்னிக்கவும்.

இன்று காலை கிளினிக் பெண் ஓடிவந்து காட்டினாள். "டாக்டர், உங்க சம்பந்தி புதுசா ஒண்ணு போட்டிருக்காங்க, இதுதான் இருக்கறதுலயே அழகு." பார்த்தேன். மடித்து வைத்த ஒரு சட்டை. கண்ணாடிச் சட்டை. காலர், பொத்தான், துணியின் நெசவு எல்லாம் அப்படியே. "மடித்து வைத்தது" என்று தலைப்பு.

அந்தச் சட்டைப் பையின் மூலையை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். கதவுத் தாழ்ப்பாளில் மாட்டிக் கிழிந்த பை அது. பையன் கல்லூரிக்குப் போன காலத்தில் நான் தைத்தது. ஈறு தைத்துப் பழகிய கை. அதே முடிச்சைத்தான் சட்டைக்கும் போட்டேன். உலகத்தில் எந்தத் தையற்காரனும் அந்த முடிச்சைப் போட மாட்டான். அது உங்கள் கண்ணாடியில் உட்கார்ந்திருக்கிறது.

உங்கள் வேலை எப்படி நடக்கும் என்று உங்கள் பக்கத்திலேயே போட்டிருக்கிறீர்கள். துணியை மெழுகில் முக்குவீர்கள், அதைச் சுற்றி மாவு ஊற்றுவீர்கள், சூளையில் மெழுகு வழிந்துபோகும், துணி எரிந்து சாம்பலாகும், அது இருந்த இடத்தில் கண்ணாடி போய் நிற்கும். அப்படியானால் என் பிள்ளையின் சட்டையை எரித்திருக்கிறீர்கள். உயிரோடு இருப்பவன் சட்டையை. எரித்ததோடு நில்லாமல் ஊர் பார்க்கக் கடைபரப்பியிருக்கிறீர்கள். முகம் தெரியாதவர்கள் எல்லாம் அதற்கு இதயம் போட்டிருக்கிறார்கள். ஒருவன் விலை கேட்கிறான்.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். சோடா பாட்டில் என்று சொல்வார் என்று பார்த்தேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக் குழாயை மூடப் போனார். குழாய் மூடியேதான் இருந்தது.

எங்கள் வீட்டில் எதையும் பேசித் தீர்த்து வழக்கமில்லை. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று எண்ணியிருந்தேன். இப்படியொரு வழி வைத்திருப்பீர்கள் என்று தெரியாது.

பல் டாக்டர்


ஜூலை 12

அன்புள்ள சம்பந்தி அம்மா,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து மறுபடி படித்தேன். படத்தை அன்றே பக்கத்திலிருந்து எடுத்துவிட்டோம். நீங்கள் இப்போது தேடினால் இருக்காது.

பாப்பா இங்கேதான் இருக்கிறாள். ஜனவரியிலிருந்து இருக்கிறாள். ஒரு பெட்டியும் ஒரு குடையுமாக வந்து நின்றாள். "ஒரு வாரம் இருந்துட்டுப் போறேம்மா" என்றாள். அந்த வாரம் இன்னும் முடியவில்லை. நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயம். சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடுமே. அவளும் நான் கேட்பேன் என்று சில நாள் காத்திருந்தாள், எனக்குத் தெரிந்தது. பிறகு காத்திருப்பதை விட்டுவிட்டாள். ஒரே வீட்டில் இரண்டு பேர், ஆளுக்கொரு அறை. பெற்றவளுக்கும் பெண்ணுக்கும் இடையில் "சாப்பிட்டியா?" "ம்." அவ்வளவுதான் பேச்சு. கொட்டகைக்கு மட்டும் கூட வருவாள். படம் எடுப்பாள், தலைப்பு வைப்பாள். அந்தச் சின்னச் சின்ன வரிகளில்தான் என் பெண் இன்னும் உயிரோடு இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

போன மாதம் ஒருநாள் அந்தச் சட்டையைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தாள். "இதை வார்த்துக் குடு" என்றாள்.

"யாரோடது?" என்றேன்.

"தெரியாத மாதிரி கேக்காதம்மா."

என்னைத் தொடவிடவில்லை. அவளே நீவி நீவி மடித்தாள். கடையில் மடிப்பதுபோல் காலரை நிமிர்த்திவைத்தாள். மெழுகைத் தூரிகையால் தடவினாள், ஒரு நாள் முழுக்க அதே வேலை. மூன்றாம் நாள் சூளையைத் திறந்தபோது அச்சுக்குள் பிடி சாம்பல் இருந்தது. அதை ஊதி வெளியேற்ற மட்டும் அவளால் முடியவில்லை. அதை நான் செய்தேன். கண்ணாடி வார்த்து ஆறிய பிறகு அதில் ஒட்டியிருந்த மாவைப் பழைய பல் தூரிகையால் அவள்தான் தேய்த்து எடுத்தாள்.

படம் போடும்போது "வேணாம்டி" என்றேன். "யார் சட்டைன்னு யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள். தைத்த கை பார்க்கும் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

உங்கள் கோபத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நீங்களும் ஒன்றும் எழுதவில்லை, சம்பந்தி அம்மா. பையன் தனியாக இருப்பது உங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? இருவரும் மாவையும் குமிழியையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தோம். அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று நீங்கள் எழுதாத அந்த இரண்டு மாதத்தில்தான் புரிந்தது.

அந்தச் சட்டையை உடைத்துவிடலாம் என்று சுத்தியலை எடுத்தேன். பாப்பா வாசலில் நின்றாள். "உடைச்சுக்கோ, எனக்கென்ன" என்றாள். சொல்லிவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றாள். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன். உடைக்க வேண்டும் என்று நீங்கள் எழுதினால் உடைக்கிறேன். உங்கள் பிள்ளையுடையது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாப்பாவின் அம்மா


ஆகஸ்ட் 10

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். முழங்காலுக்கு நான் எழுதித் தந்த தைலத்தைத் தடவுகிறீர்களா? மழைக்காலம் வருகிறது, கவனம்.

உடைக்க வேண்டாம்.

பாப்பா உங்களிடம் இருப்பது எனக்கு மார்ச் மாதமே தெரியும். உப்பு டப்பாவில் எழுதியவளின் எழுத்து எனக்குத் தெரியாதா? உங்களைப் போலத்தான் நானும் கேட்கவில்லை. மே மாதம் கோர்ட்டிலிருந்து பையனுக்கு வர வேண்டிய தபால் பழைய விலாசத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. பிரித்தவர் வீட்டுக்காரர். படித்துவிட்டு என் கையில் கொடுத்தார். இரண்டு பேரும் சேர்ந்து விவாகரத்துக்கு மனுப் போட்டிருக்கிறார்கள். உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் பேனாவைத் தொடவில்லை. போனில் நீங்கள் கேட்ட இருமல் என்னுடையதுதான்.

போன வாரம் பையன் வந்திருந்தான். இளைத்துப்போயிருக்கிறான். சட்டை விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவான் என்று நினைத்தேன்.

"அது என்கிட்ட எங்க இருந்துச்சும்மா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவதான் அதைப் போட்டுக்குவா" என்றான்.

"என்னடா ஆச்சு உங்களுக்கு? என்ன சண்டை?"

"சண்டையெல்லாம் இல்லம்மா. சண்டை போடக்கூடத் தெம்பில்ல. ஆபீஸ் விட்டு வருவோம், ஆளுக்கொரு மூலைல படுத்துக்குவோம். ஒருநாள் அவ கேட்டா, 'நாம கடைசியா எப்ப பேசிக்கிட்டோம்?'னு. எனக்கு ஞாபகம் வரல. அவளுக்கும் வரல."

இதற்கு யாரைத் திட்டுவது? திட்ட ஓர் ஆள் கிடைத்தால் எவ்வளவு வசதியாக இருக்கும்.

இந்த மாதக் கடைசியில் தீர்ப்பு வந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் எனக்கு யார் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "அதுக்கு வார்த்தை இல்லையே" என்றார். பழைய மாமியார் உண்டு, பழைய மாப்பிள்ளை உண்டு, பழைய சம்பந்தி என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கோர்ட்டு அவர்களைத்தான் பிரிக்கிறது. அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், நம் பெயர் அதில் எங்கும் இல்லை. அதனால் நான் சம்பந்தி என்றே எழுதப்போகிறேன். உங்களுக்கு ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள்.

காதுக்கு மெஷின் வாங்கிவிட்டேன். விசில் அடிக்கிறது, ஆனாலும் ஆள் பேசுவது கேட்கிறது. அடுத்த மாதம் உங்கள் ஊருக்கு வரட்டுமா? பாப்பாவைப் பார்க்க வேண்டும். அந்த முடிச்சைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வேண்டாம் என்றாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உங்கள் சம்பந்தி


செப்டம்பர் 24

அன்புள்ள சம்பந்தி அம்மா,

ஊர் போய்ச் சேர்ந்த களைப்பு தீர்ந்ததா? பஸ்ஸில் இடுப்பு வலித்திருக்கும். நீங்கள் வந்துபோனதிலிருந்து வீடு வேறு மாதிரி இருக்கிறது. நன்றி என்று எழுதினால் வெளி ஆள் மாதிரி இருக்கும், அதனால் எழுதவில்லை. சட்டையைக் கையில் எடுத்ததும் நீங்கள் கட்டை விரலால் அந்த மூலையைத் தடவி, "முடிச்சு நல்லா விழுந்திருக்கு" என்றீர்களே, அப்போது பாப்பா முகத்தை நான் பார்த்தேன். ஜனவரியிலிருந்து அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. படத்தைத் திரும்பவும் போடச் சொன்னீர்கள். போட்டுவிட்டாள். விற்பனைக்கு இல்லை என்று கீழே எழுதிவிட்டாள்.

ஒன்று கேட்க வேண்டும். கேட்காமல் இருந்துவிடலாம் என்று பத்து நாளாகப் பார்க்கிறேன், முடியவில்லை.

நான் காபி வாங்கிவரப் போனேன் அல்லவா? திரும்பி வந்தபோது கொட்டகைக் கதவு பாதி திறந்திருந்தது. பாப்பா பேசிக்கொண்டிருந்தாள். நீங்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தீர்கள். டயர் கடைச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. உள்ளே வந்தால் நிறுத்திவிடுவாளே என்று வெளியிலேயே நின்றேன். காபி ஆறிப்போனது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். அழுதாள். கடைசியில் உங்கள் தோளில் சாய்ந்துகொண்டாள். ஆறின காபியை நான் மறுபடி போய் மாற்றிக்கொண்டு வந்தேன், இருவரும் ஒன்றுமே நடக்காததுபோல் உட்கார்ந்திருந்தீர்கள்.

அன்றைக்கு அவள் அசந்து தூங்கினாள். மறுநாள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டாள். ஏதோ வேலைக்கு எழுதிப்போட்டிருக்கிறாளாம், வேறு ஊரில். அவளாகவே சொன்னாள்.

சந்தோஷம்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சம்பந்தி அம்மா, பெற்றவள் நான். இத்தனை மாதம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் என்னிடம் ஒரு சொல் வரவில்லை. உங்களிடம் ஒரு மத்தியானத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சூளையில் கண்ணாடி இருக்கும்போது என் மனதில் அதுதான் கொதிக்கிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். என்ன சொன்னாள்?

முழுவதும் எழுத வேண்டாம். நான் தெரிந்துகொள்ளலாம் என்று நீங்கள் நினைப்பதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் சம்பந்தி


அக்டோபர் 5

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

இடுப்பு வலி தேவலை. வீட்டுக்காரர் உங்களை விசாரித்தார். கண்ணாடிச் சட்டை கனமா, லேசா என்று கேட்கிறார். கனம் என்றேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுத மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். இது நான்காவது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நீங்கள் காபி வாங்கப் போனதும் டயர் கடையில் காற்றடிக்கும் மெஷினைப் போட்டுவிட்டார்கள். என் காது மெஷினுக்குப் பேச்சும் ஒன்றுதான், இரைச்சலும் ஒன்றுதான். தலைக்குள் லாரி ஓடுவதுபோல் இருந்தது. தாங்காமல் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டேன். நிமிர்ந்தால் பாப்பா பேச ஆரம்பித்திருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, சூளையைப் பார்த்துப் பேசினாள். "கொஞ்சம் இரும்மா, மாட்டிக்கறேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் நிறுத்திவிடுவாள் என்று தோன்றியது. பல் பிடுங்கும் நாற்காலியில் பயந்து உட்கார்ந்திருப்பவர்களை முப்பது வருடம் பார்த்தவள் நான். வாயைத் திறந்தவர்கள் ஒருமுறை மூடிக்கொண்டால் மறுபடி திறக்க வைப்பது லேசில்லை. அதனால் பையை இடுப்புக்குப் பின்னால் தள்ளிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை, சம்பந்தி அம்மா.

என் பையனைக் குறை சொன்னாளா, தன்னையே நொந்துகொண்டாளா, நம் இருவரைப் பற்றி ஏதாவது சொன்னாளா, எதுவும் தெரியாது. நடுவில் சிரித்தாள், நானும் சிரித்தேன். பிறகு அழுதாள். தப்பான இடத்தில் சிரித்துத் தொலைக்கக் கூடாதே என்று அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள். கேள்வி என்பது புருவத்தில் தெரிந்தது. என்ன கேள்வி என்று தெரியவில்லை. பதில் சொல்லாமல் இருக்க முடியாத முகம் அது.

"நீ பண்ணது சரிதாம்மா" என்றேன்.

அப்போதுதான் என் தோளில் சாய்ந்தாள்.

எதைச் சரி என்றேன் என்று தெரியாமல் ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸில் தவித்தேன். இப்போதும் தவிக்கிறேன். ஆனால் திருப்பி வாங்க மாட்டேன். அவளிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். அவள் சொன்னதெல்லாம் என் காதில் விழுந்தது என்றே இருக்கட்டும்.

உங்களிடம் சொல்லாததை என்னிடம் சொன்னாள் என்று மனம் நோகாதீர்கள். என்னிடமும் அது வந்து சேரவில்லை. அது இன்னும் அவளிடமேதான் இருக்கிறது. வேறு ஊர் வேலைக்கு அவள் பெட்டி கட்டுவதற்குள் ஒருநாள் கொட்டகையைப் பூட்டிவிட்டு, டயர் கடைச் சத்தம் இல்லாத இடமாகப் பார்த்து அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "என்னடி ஆச்சு?" என்று கேளுங்கள். ஒருமுறை சொல்லிவிட்ட வாய், மறுமுறை சொல்லும்.

உங்கள் காது நன்றாகத்தானே இருக்கிறது.

உங்கள் சம்பந்தி